கமாண்டோஸ், டெஸ்பராடோஸ், தீஃப்: இத்தனை வருடம் கழித்து ஆடிப் பார்த்ததில்

முதல் இருபது நிமிடத்தில் பதினோரு முறை செத்தேன். கமாண்டோஸ் என்ற பழைய கணினி கேம், அதன் முதல் பாகம், முதல் மிஷன், நார்வே. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டே முடிப்பேன் என்று பீற்றிக்கொண்டிருந்த அதே மிஷன்தான். எந்தக் காவலன் எப்போது திரும்புவான் என்பது இன்னும் விரல்நுனியில் இருக்கும் என்ற தெனாவெட்டில் உட்கார்ந்தேன், விரல்நுனியில் ஒன்றும் இல்லை. ஒருவனைக் கத்தியால் முடித்துவிட்டு நிமிர்ந்தால் இன்னொருவன் பார்த்துவிட்டான், சைரன் அலறியது, எங்கிருந்தோ கும்பலாக ஓடிவந்தார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டாவது முறை மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கேம் உண்மையில் தொடங்கியது அப்போதுதான்.

இரண்டு மூன்று மாதமாக ராத்திரியில் இதுதான் வேலை. கமாண்டோஸ் முதல் இரண்டு பாகங்கள், டெஸ்பராடோஸ், தீஃப் இரண்டு பாகங்கள், நடுவில் வழிதவறிப்போய் ஜாக்டு அலையன்ஸ் 2. அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இவற்றின் பேரப்பிள்ளைகளான ஷேடோ டாக்டிக்ஸும் டெஸ்பராடோஸ் 3-ம். இவற்றில் பாதியைத்தான் முழுதாக முடித்தேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரமில்லாதவர்களுக்குத் தீர்ப்பும் இங்கேயே: ஒன்றே ஒன்றுதான் ஆட முடியும் என்றால் கமாண்டோஸ் 2, அதுவும் பழைய பதிப்பு. இருட்டும் தனிமையும் பிடிக்கும் என்றால் தீஃப் 2. பழைய கேம்களின் முரட்டுக் கன்ட்ரோலோடு மல்லுக்கட்ட முடியாது என்பவர்கள் நேராக ஷேடோ டாக்டிக்ஸுக்குப் போய்விடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1998 ஒரு விசித்திரமான வருடம். டெஞ்சு, மெட்டல் கியர் சாலிட், தீஃப், கமாண்டோஸ் நான்கும் அந்த ஒரே வருடத்தில் வந்தவை. சுட்டுத் தள்ளுவதே கேம் என்று இருந்த காலத்தில், மூன்று நாடுகளில் உட்கார்ந்திருந்த நாலு குழுக்கள், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே, ஒளிந்துகொள்வதைத்தான் ஆட்டமாக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இவற்றில் கமாண்டோஸ் ஸ்பெயினிலிருந்து வந்தது. மாட்ரிட்டின் பைரோ ஸ்டுடியோஸ் செய்தது, வடிவமைப்புக்குத் தலைமை கோன்சாலோ சுவாரெஸ். அவருடைய செல்லப்பெயர் கோன்சோ. சீட் கோடு, அதாவது குறுக்குவழிக் குறியீடு, போட்டு ஆடியவர்களுக்கு அந்தப் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும், கோடுக்குள்ளேயே அது இருந்தது. நான் போட்டேனா என்று கேட்காதீர்கள்.

இரண்டாம் உலகப் போர், ஆறு ஆட்கள், இருபது மிஷன்கள், மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம். இதையெல்லாம் விட முக்கியம் அந்தப் பச்சை விசிறி. எந்த எதிரியின் மேல் வேண்டுமானாலும் கண் ஐகானை வைத்துக் கிளிக் செய்தால், அவன் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது தரையில் விசிறி மாதிரி விரியும். கிட்டத்தில் வெளிர்ப்பச்சை, தூரத்தில் அடர்பச்சை. வெளிரில் எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்வீர்கள், அடர்பச்சையில் தவழ்ந்து போனால் தெரியாது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவனுடைய விசிறியைத்தான் பார்க்க முடியும். இந்தச் சின்னக் கட்டுப்பாட்டில்தான் மொத்த கேமும் இருக்கிறது என்று இப்போது ஆடும்போதுதான் உறைத்தது. ஒருவனுடைய பார்வை திரையில் இருக்கும், மற்ற ஏழு பேருடைய பார்வையை நீங்கள் மண்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் அதைக் குறை என்று நினைத்து, எல்லார் விசிறியையும் ஒரே நேரத்தில் காட்டினால் என்ன என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். காட்டியிருந்தால் வண்ணம் தீட்டிய ஒரு படம் கிடைத்திருக்கும், கேம் கிடைத்திருக்காது.

கொஞ்சம் கிட்டத்தில் போய்க் காட்டுகிறேன். ஒரு குடிசை, வாசலில் ஒருவன் அசையாமல் நிற்கிறான், ஆனால் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கிறான். பக்கத்துச் சுவரோரமாக இன்னொருவன் போய்ப் போய் வருகிறான். இருவரையும் பார்த்தபடி மூன்று பேர் ரோந்து, எப்போதாவதுதான் இந்தப் பக்கம் வருவார்கள். வாசலில் நிற்பவனை முடிக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது, உடல் யார் கண்ணிலும் படக்கூடாது. சரி. முதலில் ரோந்து ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணுகிறீர்கள். அப்புறம் சுவரோரத்தவன் முதுகைக் காட்டும் நேரம், அதில் வாசல்காரன் வலப்பக்கம் பார்க்கும் நேரம், இந்த இரண்டும் ஒத்துப்போகும் இடைவெளி எங்கே விழுகிறது என்று பார்க்கிறீர்கள். நாலு வினாடி வருகிறது. நாலு வினாடியில், ஆறு பேரில் ஒருவனான கிரீன் பெரே ஓடலாம், ஆனால் உடலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, நடைதான். அப்போ உடலை எங்கே போடுவது? அதனால் திட்டம் மாறுகிறது: கூவும் அந்தச் சின்ன டெகாய் கருவியைச் சுவருக்குப் பின்னால் வைத்து, சுவரோரத்தவன் கவனத்தை அங்கே கட்டிப்போட்டுவிட்டால் நாலு வினாடி பதினைந்து வினாடியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி ஆனது. செய்து முடிக்க பதினோரு வினாடி. அந்தப் பதினோரு வினாடியில் வரும் திருப்தியைப் பெரிய செலவில் செய்த எத்தனையோ புது கேம் எனக்குத் தந்ததில்லை.

எதிரிகள் முட்டாள்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பத்து நிமிடமாக எதிரில் நின்றிருந்த கூட்டாளி திடீரென்று காணாமல் போனால் யாரும் கவலைப்படுவதில்லை. உடலைப் பார்த்தால்தான் பதறுவார்கள், ஆள் இல்லாததைப் பார்த்தால் ஒன்றுமில்லை. பனியில் காலடித்தடம் இருந்தால் நல்ல பிள்ளையாக அதன் பின்னாலேயே நடந்து, மூலையில் கத்தியோடு நிற்பவனிடம் வந்து சேர்வார்கள். இன்றைய கண்ணுக்கு இது சிரிப்புதான். ஆனால் முட்டாள்தனமும் ஒரு ஒழுங்கோடு இருக்கிறது. அவன் நேற்று செய்ததையே இன்றும் செய்வான், ஒரு வினாடி முன்பின் இல்லாமல். அதனால் தோற்றால் கேம் மேல் கோபம் வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை. விதிகளையெல்லாம் மேசை மேல் பரப்பி வைத்துவிட்டு, இப்போ ஆடு என்று சொல்லும் கேம் இது. புத்திசாலி எதிரியை வைத்துக்கொண்டு விதியை மறைக்கும் கேம்களோடு எனக்கு இந்த நிம்மதி கிடைப்பதில்லை.

ஆறு பேரும் ஆறு தொழிலாளிகள், அதிலும் ஒருவர் வேலையை இன்னொருவர் தொடமாட்டார். மலையேறுவதும் மண்ணைத் தோண்டித் தன்னையே புதைத்துக்கொள்வதும் கிரீன் பெரே. தண்ணீருக்கடியில் போவதும் ரப்பர் படகும் மரைன். வேலியை அறுப்பது, கண்ணி, வெடி எல்லாம் சேப்பர். லாரியும் டாங்கியும் டிரைவர், முதலுதவிப் பெட்டியும் அவனிடம்தான். ஸ்னைப்பரிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய குண்டுகள். ஸ்பை வந்துவிட்டால் மட்டும் மிஷனின் நிறமே மாறிவிடும், எதிரியின் உடையில் நட்டநடுவே நடந்து போய் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்து அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிடுவான். எதிரியோடு நின்று அரட்டையடிப்பது ஆயுதமாக இருக்கும் கேம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இனி காலம் தின்ற பகுதிகள். 640-க்கு 480-ல் தொடங்கி 1024-க்கு 768 வரைதான் திரை அளவு, இன்றைய மானிட்டரில் ஓரங்களில் கறுப்புப் பட்டை விட்டோ இழுத்துப் பரப்பியோதான் ஆட வேண்டும். வரைந்த பின்னணி இன்றும் அழகு, கிட்டே இழுத்தால் மட்டும் பொரிபொரியாகத் தெரியும். காட்சியைச் சுழற்ற முடியாது. புது விண்டோஸில் என் கணினியில் முதல் முறை ஓட்டியபோது எல்லாரும் காலில் சக்கரம் கட்டிய மாதிரி ஓடினார்கள், நாலு விசிறிகளையும் அந்த வேகத்தில் கணக்குப் போட மனிதனால் முடியாது. கம்பாட்டிபிலிட்டி செட்டிங்கைக் கொஞ்சம் நோண்டிய பிறகுதான் சரியானது. ஒவ்வொரு மிஷனுக்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு, பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்த ஞாபகம் வந்தது. நோட்டு இப்போது எங்கே என்றுதான் தெரியவில்லை.

சேவ் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் என் பழைய ஆட்டத்தைக் கெடுத்ததே அதுதான். அப்போதெல்லாம் ஒரு அடி வைத்தால் ஒரு சேவ். ஒருவனைக் கொன்றால் சேவ், தப்பினால் சேவ், மூச்சு விட்டால் சேவ். யோசிக்கத் தேவையே இருக்காது, ஓடிப் பார், செத்தால் லோடு, மறுபடி ஓடு, பத்தில் ஒரு முறை அதிர்ஷ்டம் அடிக்கும், அங்கே சேவ். மிஷன் முடிந்துவிடும், ஆனால் எப்படி முடித்தேன் என்று கேட்டால் தெரியாது. அதனால்தான் இருபது வருடம் கழித்து விரல்நுனியில் ஒன்றும் மிச்சமில்லை போல. இந்த முறை ஒரு விதி வைத்துக்கொண்டேன்: உடலை ஒளித்து வைத்து, எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகுதான் சேவ். முதல் வாரம் நரகம். அப்புறம் கேம் திறந்துகொண்டது. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 2000-ல் வந்த ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ., மிஷனுக்கு நடுவில் சேவே கிடையாது, கடைசிக் கட்டத்தில் செத்தால் முதலிலிருந்து. அதையும் இதோடு எடுத்துப் பார்த்தேன், நாலாவது மிஷனோடு கும்பிடு போட்டுவிட்டேன். பொறுமையைச் சோதிப்பது வேறு, வயதைச் சோதிப்பது வேறு.

கமாண்டோஸின் துணைப்பாகமாக 1999-ல் வந்த பியாண்ட் தி கால் ஆஃப் டியூட்டி எட்டே மிஷன்தான், ஆனால் முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு மட்டுமே செய்த மாதிரி கஷ்டம். இரண்டு மிஷனோடு விட்டேன்.

கமாண்டோஸ் 2, 2001. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கட்சி மாற வேண்டியிருந்தது. முதல் பாகம்தான் உசத்தி, இரண்டாவது குழந்தைகளுக்கானது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்போது சேர்ந்தாற்போல் ஆடிப் பார்த்தால், இரண்டாவதுதான் பெரிய சாதனை. வெளிக்காட்சியை நாலு பக்கமும் திருப்பலாம், கட்டடத்துக்குள் நுழைந்தால் உள்ளே முழு முப்பரிமாணம், கதவுக்கு முன் நின்று உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு நுழையலாம். எல்லாருக்கும் பை உண்டு, எதையும் எடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். கொல்லாமல் அடித்து மயங்க வைத்துக் கட்டிப்போடலாம். சிகரெட் பாக்கெட்டை எறிந்தால் காவலன் கடமையை மறந்து வந்து பொறுக்குவான். ஒயின் பாட்டிலை அவன் வழியில் வைத்தால் அதையும் விடமாட்டான், அதில் தூக்க மாத்திரை கலந்து வைத்தால் அப்புறம் அவன் கதை முடிந்தது. திருடன் லூப்பின் சுவரேறுவான், விஸ்கி என்ற நாய் ஒருவர் பையிலிருந்து இன்னொருவருக்குப் பொருள் கொண்டுபோகும். இவ்வளவும் சேரும்போது முதல் பாகத்தில் ஒரு விடைதான் இருந்த இடத்தில் இங்கே ஏழெட்டு விடைகள்.

மிஷன்களின் அளவும் அப்படித்தான். முக்கிய மிஷன் பத்துதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஊர். ஹைபோங் துறைமுகத்தில் ஷினானோ என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தகர்க்கும் மிஷனை நான் மூன்று ராத்திரி ஆடினேன். கொல்டிட்ஸ் கோட்டையில் அறை அறையாகத் திறந்துகொண்டே போகும்போது, எந்த அறையில் யாரைக் கட்டிப்போட்டேன் என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. குறை இல்லாமல் இல்லை: பையைத் திறந்து பொருளை அடுக்குவது தொல்லை, பாதி நேரம் இறந்தவர்களின் பாக்கெட்டைத் துழாவுவதிலேயே போகிறது. பத்து நிமிடமாகக் கட்டிவைத்த பதற்றம், ஒருவனுடைய பையிலிருந்து இன்னொருவன் பைக்குத் துப்பாக்கி குண்டை இழுத்துப் போடும்போது அப்படியே இறங்கிவிடும். இருந்தாலும் வரிசையில் முதல் இடம் இதற்குத்தான்.

2020-ல் இதன் எச்.டி. ரீமாஸ்டர் வந்தது. பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது, அந்தப் பளிச்சே பிரச்சினை. பழைய மங்கலான ஒளியில் ஒரு சூழல் இருந்தது, அதைத் துடைத்துவிட்ட மாதிரி ஒரு உணர்வு. நாஜிச் சின்னங்களையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய விஷயமில்லை, சிலருக்குப் பெரிய விஷயம். பழைய பதிப்பும் விற்பனையில் இருக்கும்போது இதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மூன்றாம் பாகம், 2003, நேரக்கெடு வைத்து விரட்டும் மிஷன்கள் அதில் அதிகம். உட்கார்ந்து பார்ப்பதுதான் இந்த வகையின் உயிர் என்னும்போது கடிகாரத்தைக் கையில் கொடுத்து ஓடு என்றால் எப்படி? தாண்டிப் போகலாம்.

டெஸ்பராடோஸ் கமாண்டோஸ் 2 வந்த அதே 2001. ஜெர்மனியின் ஸ்பெல்பவுண்டு செய்தது, அமெரிக்க மேற்குப் பகுதிக் கதை. நேர்மையாகச் சொன்னால், இது கமாண்டோஸின் தம்பி, கொஞ்சம் அதிகம் பேசும் தம்பி. மூலையில் பாட்டுப் பாடும் பாக்கெட் கடிகாரத்தை வைத்து ஆளை இழுக்கும் ஜான் கூப்பர், கண்ணாடியால் வெயிலை முகத்தில் அடித்துக் கண்ணைக் கூசவைக்கும் கேட், ஆட்களுக்குள் நடக்கும் கிண்டல் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. இது கொண்டுவந்த பெரிய விஷயம் குவிக் ஆக்‌ஷன். ஒவ்வொருவருக்கும் ஒரு செயலை முன்கூட்டியே பதிவு செய்து வைத்து, சரியான நேரத்தில் எல்லாரையும் சேர்த்து ஏவலாம். கமாண்டோஸில் இரண்டு பேரை ஒரே நேரத்தில் வீழ்த்த சர்க்கஸ் செய்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 25 மிஷன் கொஞ்சம் நீளம், கடைசி மூன்றில் ஒரு பங்கை இழுவை என்றே சொல்வேன்.

அந்த யோசனையை எடுத்துச் சீவிச் சிங்காரித்தது மியூனிக்கின் மிமிமி ஸ்டுடியோ. 2016-ல் ஷேடோ டாக்டிக்ஸ், எடோ கால ஜப்பான், ஐந்து பேர். 2020-ல் டெஸ்பராடோஸ் 3, பழைய கூப்பரின் முன்கதை. பழைய கேம்களில் எனக்கு இருந்த எல்லா எரிச்சலுக்கும் இங்கே பதில் உண்டு: கேமரா எப்படி வேண்டுமானாலும் சுற்றும், உடலைப் புதரில் போடலாம், திட்டங்களைச் சேர்த்து ஏவலாம். சேவ் விஷயத்தில் இவர்கள் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. திரையின் மேலே ஒரு கடிகாரம் ஓடும், சேவ் செய்து இவ்வளவு நேரமாகிவிட்டது என்று நச்சரிக்கும். அதாவது சேவ் செய்வதைத் திருட்டுத்தனமாக விடாமல், அதுவும் ஆட்டத்தின் ஒரு அங்கம்தான், சோதித்துப் பார் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். நான் மேலே சொன்ன என் விதிக்கு இது நேர் எதிர், ஆனாலும் வேலை செய்கிறது, ஏனென்றால் லோடு ஆக ஒரு நொடிதான் ஆகிறது. டெஸ்பராடோஸ் 3-ல் மிஷன் முடிந்ததும் வரைபடத்தின் மேல் உங்கள் ஆட்கள் போன வழி முழுக்க வேகமாக ஓடிக் காட்டும். ஒரு மூலையில் என் ஐந்து பேரும் இருபது நிமிடம் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

இவ்வளவு செய்த ஸ்டுடியோ, 2023 ஆகஸ்டில் ஷேடோ கேம்பிட் என்ற தன் கேம் வெளியான சில நாட்களிலேயே மூடப்போவதாக அறிவித்தது. இந்த வகையைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர்கள். 2025 ஏப்ரலில் கமாண்டோஸ் ஒரிஜின்ஸ் வந்தது, வேறு குழு, ஆறு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்ற கதை. அதை இன்னும் பாதி கூட முடிக்கவில்லை, அதனால் அதைப் பற்றி வேறொரு நாள்.

ஜாக்டு அலையன்ஸ் 2 எப்படி உள்ளே வந்தது என்றால், கமாண்டோஸில் தோற்றுத் தோற்று, முறை வைத்து ஆடும் கேம் ஒன்று வேண்டும் போலிருந்தது. 1999, அருல்கோ என்ற கற்பனை நாடு, டெய்ட்ரானா என்ற கொடுங்கோல் ராணி, கூலிப்படை ஆட்களைச் சம்பளத்துக்கு எடுத்துப் பகுதி பகுதியாகப் பிடிக்க வேண்டும். ராத்திரியில் சைலன்சரும் கத்தியுமாக ஒரு பகுதிக்குள் ஊர்ந்து போகும்போது கமாண்டோஸின் அதே படபடப்பு, ஆனால் யோசிக்க நேரம் உண்டு. ஆட்களுக்குள் ஒருவரை ஒருவர் பிடிக்காது, பிடிக்காதவரை எடுத்தால் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுவார்கள். கேமுக்குள் இருக்கும் லேப்டாப்பில் ஒரு பூக்கடை உண்டு, அதில் எதிரி ராணிக்கே பூங்கொத்து அனுப்பலாம். இந்த மாதிரிக் குறும்பு எத்தனை கேமில் இருக்கிறது? இன்று ஆடுவதானால் ரசிகர்கள் வருடக்கணக்காகச் செய்துவரும் 1.13 என்ற மோடு, அதாவது கேமையே மாற்றியமைக்கும் தொகுப்பு, உண்டு, ஆனால் முதல் முறை ஆடுபவர்கள் அதைத் தொடவேண்டாம், துப்பாக்கிப் பட்டியலிலேயே மூழ்கிவிடுவீர்கள்.

கடைசியாக தீஃப். இதை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். கமாண்டோஸில் எல்லாம் மேலிருந்து தெரியும், கணக்குப் போடுவதுதான் பாக்கி. தீஃபில் எதுவும் தெரியாது, இருட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஹெட்ஃபோன் இல்லாமல் ஆடாதீர்கள், அது பாதி கேம் கூட இல்லை. லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் இதற்காகச் சத்தம் அறை விட்டு அறைக்குக் கதவு வழியாக, திருப்பங்கள் வழியாகப் பயணிப்பதைக் கணக்கிடும் ஒரு அமைப்பையே கட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கூடத்தில் ஒருவன் நடந்தால் சுவரைத் துளைத்துக்கொண்டு சத்தம் வராது, கதவு இருக்கும் பக்கமிருந்து வரும். உங்கள் சத்தமும் அவர்களுக்கு அப்படித்தான் போகும். கம்பளத்தில் நடந்தால் நிசப்தம், ஓட்டுத் தரையில் டக் டக், இரும்புத் தட்டில் ஊரே எழுந்துகொள்ளும். திரையின் கீழே ஒரு சின்ன ரத்தினக்கல், அது எவ்வளவு மங்கலோ அவ்வளவு பத்திரம் நீங்கள். மற்றபடி உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, வரைபடம் கூடக் கையால் கிறுக்கிய தாள்தான், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை அது தோராயமாகத்தான் காட்டும்.

பாஃபோர்டு பிரபுவின் மாளிகைதான் முதல் திருட்டு, ஒரு செங்கோலை எடுத்துவர வேண்டும். வாசலருகே காவலர்கள் இரண்டு பேர் கரடிச் சண்டை பற்றி அரட்டையடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டுக்கொண்டே இருட்டில் நின்றேன். அவர்கள் நிறுத்தி நடக்கத் தொடங்கியபோதுதான், நான் வேலையை விட்டுவிட்டு வம்பு கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. முன்வாசலில் மோதத் தேவையில்லை, பக்கத்தில் கிணறு வழியாக உள்ளே இறங்கலாம். பந்தத்தை அணைக்க நீர் அம்பு, தரையை மெத்தையாக்கப் பாசி அம்பு, மரத்தில் குத்தி ஏற கயிற்று அம்பு. எக்ஸ்பர்ட் நிலையில் ஆடினால் அள்ள வேண்டிய பொருளும் அதிகம், மனிதர் யாரையும் கொல்லக்கூடாது என்ற நிபந்தனையும் சேரும். எடுத்த எடுப்பிலேயே எக்ஸ்பர்ட்டில் ஆடுங்கள். கொல்லலாம் என்று விட்டால் இது ஒரு சுமாரான வாள்சண்டை கேம். கொல்லக்கூடாது என்றால் வேறு கேம்.

முதல் பாகத்தில் எனக்குப் பிடிக்காதது சுடுகாட்டுச் சுரங்கங்கள். போன்ஹோர்டு என்று ஒரு நிலை, பிணங்கள் எழுந்து நடக்கும், வழியோ புரியாது. திருடனாக வந்தவனைப் பேய் ஓட்டுபவனாக மாற்றிவிடுகிறார்கள். 2000 மார்ச்சில் வந்த இரண்டாம் பாகம் அதைப் பெரும்பாலும் கைவிட்டு முழுக்க வீடு புகும் வேலைக்கே திரும்பியது, அதனால்தான் அதைச் சிபாரிசு செய்கிறேன். கூரை கூரையாகத் தாவி நகரத்தைக் கடந்து போகும் லைஃப் ஆஃப் தி பார்ட்டி மாதிரி ஒரு நிலையை அதற்கப்புறம் யாரும் செய்யவில்லை என்று அடித்துச் சொல்வேன். வெளியாகி இரண்டே மாதத்தில், மே 2000-ல், ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள்.

இன்றைய கணினியில் ஓட்ட ரசிகர் திருத்தம் கட்டாயம். 2012-ல் பெயர் வெளியிடாத ஒருவர் தீஃபை ஓட்டும் எஞ்சினின் புதுப்பித்த பதிப்பை வெளியே விட்டார், அதை வைத்துத்தான் டிஃபிக்ஸ் போன்ற தொகுப்புகள் வந்தன, அகலத்திரையும் சரியாக வரும். ஆட்களின் முகம் மட்டும் இன்னும் மடித்த அட்டைப்பெட்டி மாதிரிதான் இருக்கும், அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். இதெல்லாம் பிடித்துப்போய் இன்னும் வேண்டும் என்றால் தி டார்க் மோடு இருக்கிறது. டூம் 3-ன் மோடாகத் தொடங்கி 2013-ல் தனியாக ஓடும்படி ஆன இலவச கேம், ரசிகர்கள் செய்த மிஷன்கள் ஏராளம்.

நான் இப்போது இரண்டாம் பாகத்தின் வங்கியில் இருக்கிறேன். எக்ஸ்பர்ட். எங்கே பார்த்தாலும் வெளிச்சம், மூலைக்கு மூலை திரும்பித் திரும்பிப் பார்க்கும் இயந்திரக் கண்கள், தரை முழுக்கச் சலவைக்கல். பெட்டக அறைக்குப் போக ஒரு நீளமான கூடத்தைக் கடக்க வேண்டும், பாசி அம்பு இரண்டுதான் மிச்சம், ஒரு காவலன் சீட்டியடித்துக்கொண்டே வருகிறான். நேற்று ராத்திரி அங்கே நிறுத்திவிட்டுத்தான் படுத்தேன், சேவ் செய்யாமல்.